பூஜைக்கு வைத்த உருளைகள்

தேங்காய் எண்ணெயில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவள் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் கோட்டாற்று மாமா தன் வழுக்கையைத் தடவிக் காட்டி, இதற்கு ஏதாவது கண்டுபிடித்திருக்கிறாயா என்று கேட்பார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டி வைப்பேன். முப்பத்தெட்டு வயதில் கல்யாணமும் ஆகாமல் பட்டமும் வாங்காமல் இருக்கிறவள் கல்யாண வீட்டில் வேறு என்ன செய்துவிட முடியும்.

நான் செய்த வேலை இதுதான். உள்ளங்கை அகலத்தில் இரண்டு எஃகு உருளைகள். விளிம்போடு விளிம்பு அழுந்தியபடி இரண்டும் சுற்றும். ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவதால், உருளும்போதே லேசாகச் சறுக்கவும் செய்யும். வண்டியின் பல்சக்கரத்திலும் பேரிங்கிலும் நடப்பது இதேதான். இடையில் எண்ணெய். கைக்கு வழவழவென்று இருக்கும் எஃகை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் விதுராவிலிருந்து பொன்முடிக்கு ஏறுகிற மலைப்பாதை மாதிரி மேடும் பள்ளமுமாகத் தெரியும். எண்ணெய்ப் படலம் அந்த மேடுகளைவிட உயரமாக நின்றால் எஃகும் எஃகும் தொட்டுக்கொள்ளாது. படலம் மெலிந்தால் மேடுகள் உரசும், தேயும், கடைசியில் ஒன்றையொன்று பிய்த்துக்கொள்ளும். வேகமாகச் சுற்றினால் கவலை இல்லை. உருளைகளே எண்ணெயை உள்ளே இழுத்துப் படலத்தைக் கனமாக்கிக்கொள்ளும். மெதுவாகச் சுற்றும்போதுதான் எல்லாத் தொல்லையும்.

நான் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றவிட்டேன். தேங்காய் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம் மேடுகளின் தலையில் ஒட்டிக்கொண்டு, உரச உரச ஒரு மெல்லிய பூச்சாக மாறும். மேடுகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும். போகப்போக அந்த மெலிந்த படலமே இரண்டு எஃகையும் பிரித்து வைக்கப் போதும் என்பது என் கட்சி. இதற்கு மாதக்கணக்கில் ஆகும். நடுவில் நிறுத்தவே கூடாது. சுற்றிக்கொண்டிருக்கிற வரைதான் படலம். நின்றால், உருளைகளை நெருக்கி வைக்கிற சுமையின் அழுத்தத்தில் எண்ணெய் பிதுங்கி வெளியே போய்விடும், எஃகு எஃகின் மேல் உட்கார்ந்துவிடும்.

உருளைகளுக்கு நடுவே கொஞ்சம் மின்சாரத்தைச் செலுத்தி, அவை எவ்வளவு தொட்டுக்கொள்கின்றன என்று கணினித் திரையில் ஒரு கோடாகப் பார்ப்பேன். கோடு அடியில் கிடந்தால் எஃகு எஃகைத் தொடுகிறது. மேலே ஏறினால் எண்ணெய் நடுவில் நிற்கிறது. அந்தக் கோடு முதல் மாதங்களில் அடியிலேயே கிடந்து துடித்தது. பிறகு எழுந்தது. நவராத்திரி நெருங்கும்போது முக்கால்வாசி உயரத்துக்கு வந்திருந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் போய், பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளை மாதிரி அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஏனென்றால் இதுதான் கடைசி வாய்ப்பு. இதற்கு முன்னால் இரண்டு ஓட்டங்கள் பாதியில் கெட்டுப்போயின. ஒன்று இடி விழுந்து, இன்னொன்று பெல்ட் அறுந்து. பல்கலைக்கழகம் இரண்டு தடவை எனக்குக் காலநீட்டிப்புக் கொடுத்துவிட்டது. டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும். நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த தனியார் கல்லூரியில் பிள்ளைகள் சேராமல் மெக்கானிக்கல் பிரிவையே மூடிவிட்டார்கள். பட்டம் இல்லாமல் இனி எந்தக் கல்லூரியிலும் எனக்கு நாற்காலி கிடையாது. ஆக, என் மிச்ச வாழ்க்கை முழுவதும் அந்தக் கோட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அந்த இயந்திரத்தை என்னைவிடக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர் ஹரிகுமார். பாறசாலைக்காரர். நான் ஆராய்ச்சிக்குப் பதிந்திருந்த அரசுக் கல்லூரியின் ஆய்வகத்தில் டிரேட்ஸ்மேன். இயந்திரங்களைப் பராமரிப்பது அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகூட வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஓடுகிறது டீச்சர் என்று எனக்குச் சொல்லுவார். ஆய்வகத்துச் சுவர்களில் நான் ஏகப்பட்ட எச்சரிக்கைகள் எழுதி ஒட்டியிருந்தேன். ஏசியை அணைக்காதே, ஏனென்றால் கருவி சூடானால் அளவு பிசகும். எண்ணெயைத் தொடாதே. மேஜையில் சாயாதே. என் வாய் நீளம், எழுதுகிற கை அதைவிட நீளம். ஹரிகுமார் ஒன்றையும் மீறியதில்லை. நிறுத்தாதே என்று மட்டும் நான் எழுதவில்லை, அது தெரியாதா என்ன என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா பகவதிப்பெருமாள், சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கராக இருந்து, ஓய்வு பெற்ற மறு வருஷமே போய்ச் சேர்ந்தார். அம்மா பொன்னம்மை சுசீந்திரத்துக்காரி. கரமனைக்கு வந்து நாற்பது வருஷம் ஆகியும் மலையாளம் பேசும்போது இன்னும் கை கால் எல்லாம் சேர்ந்து பேசும். நவராத்திரிக்கு பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி ஊர்வலமாக வரும்போது, நம்ம ஊர் அம்மை வருகிறாள் என்று கரமனைச் சாலையில் காலையிலேயே போய் நிற்பாள். அந்தப் பத்து நாளும் அவள் தரையில் நடப்பதில்லை.

என் வேலையை நான் அவளுக்கு விளக்கியதே இல்லை. ஒரு தடவை கேட்டாள். சொன்னாலும் புரியாது என்று சொன்னேன். பிறகு கேட்கவில்லை.

துர்காஷ்டமிக்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. கொசுக் காய்ச்சலோ வைரலோ, எலும்பெல்லாம் முறுக்கியது, எழுந்து உட்கார முடியவில்லை. ஹரிகுமாரைப் போனில் கூப்பிட்டு, நான் வரும்வரை உயிரைக் கொடுத்தாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு கவலையும் வேண்டாம் என்றார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். அம்மா நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தாள்.

விஜயதசமியன்று காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. அம்மா தடுத்தும் கேட்காமல் பஸ் ஏறிப் போனேன். விடுமுறை நாள். கல்லூரியில் ஆளரவம் இல்லை. ஆய்வகக் கதவைத் திறந்ததும் ஊதுபத்தி வாசனை அடித்தது. என் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில், நெற்றி என்று ஒன்று இருந்தால் அந்த இடத்தில், சந்தனமும் குங்குமமும். மேலே ஒரு செவ்வரளிச் சரம். ஹரிகுமாரின் பக்தி என்று நினைத்து ஒரு நொடி சிரிப்புக்கூட வந்தது.

அப்புறம்தான் சத்தம் காதில் விழுந்தது. தவலையைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி ஒரு கரகரப்பு. திரையைப் பார்த்தேன். கோடு தரையில் கிடந்தது. அஷ்டமி சாயங்காலம்வரை முக்கால் உயரத்தில் நல்லபடியாகப் போயிருந்தது. அதன் பிறகு ஒரு வெற்றிடம். ஒன்றுமே பதிவாகாத வெள்ளை. அதற்குப் பிறகு அன்று விடியற்காலையிலிருந்து அடியோடு அடியாக ஒரே கோடு.

இயந்திரத்தை நானே அணைத்தேன். அணைப்பதற்கு இனி யோசிக்க ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்தால் எண்ணெய் காப்பிக் கஷாயம் மாதிரி கறுத்துக் கிடந்தது. உருளைகளின் மேல் ஒரு பட்டை முழுக்கப் பிய்ந்து, வரிவரியாகக் கீறல். விரலை வைத்தால் முள்ளாகக் குத்தியது. தொட்டியின் மூலையில், சூடு எட்டாத இடத்தில், வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. கிள்ளி எடுத்தேன். உறைந்த தேங்காய் எண்ணெய். மார்கழிக் குளிரில் குளியலறை பாட்டிலுக்குள் உறைந்து நிற்குமே, அதே வெள்ளை.

அதைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அதோடு எண்ணெயை வெதுவெதுப்பாக வைத்திருந்த ஹீட்டரும் நின்றிருக்கிறது, இரண்டுக்கும் ஒரே ஸ்விட்ச். ஏசி மட்டும் ஓடியிருக்கிறது. அந்தக் குளிரில் எண்ணெய் கட்டியாகிவிட்டது. காலையில் மறுபடி ஓடவிட்டபோது உருளைகளுக்கு இழுத்துக்கொள்ள எண்ணெய் இல்லை. ஹீட்டர் அதை உருக்கி முடிப்பதற்குள் வெறும் எஃகும் எஃகும் முழுச் சுமையில் அரைத்துக்கொண்டுவிட்டன. மாதக்கணக்கில் மேடுகளின் மேல் மெல்ல மெல்ல ஏறிய பூச்சை உரித்தெடுக்க ஒரு காலைப்பொழுதுகூடத் தேவைப்படவில்லை.

ஹரிகுமார் தட்டில் அவலும் பொரியும் பழமுமாக உள்ளே வந்தார். குளித்துச் சந்தனம் இட்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துத் தட்டை மேஜையில் வைத்தார். யார் நிறுத்தியது என்று கேட்டேன். நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கே நன்றாக இருந்திருக்கும்.

“அம்மை போன் விளிச்சாங்க டீச்சர்,” என்றார். “மோளுக்கு இது கடைசி சான்ஸாக்கும், பூஜைக்கு வைக்காம எப்படியாக்கும் ஜெயிக்கும்னு கேட்டாங்க. டீச்சருகிட்ட சொல்லாண்டாம்ன்னும் சொன்னாங்க. எனக்கு மாட்டேன்னு சொல்ல வாய் வரல்ல.”

எந்த அம்மை என்று நான் கேட்கவில்லை. நான் மாத்திரை மயக்கத்தில் கிடந்தபோது அம்மா என் போனிலிருந்து அவர் நம்பரை எடுத்திருக்கிறாள். ஹரிகுமார் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். லேத், மில்லிங், டிரில்லிங் எல்லாம் வருஷாவருஷம் அஷ்டமி சாயங்காலம் நிறுத்திப் பூஜைக்கு வைக்கிறதுதான். தசமி காலையில் நல்ல நேரம் பார்த்து ஸ்விட்ச் போட்டால் எல்லாம் முன்னைவிடச் சுகமாக ஓடும். இதுவரை ஒன்றுக்கும் ஒன்றும் ஆனதில்லை. அதுவும் ஒரு உயிர் மாதிரிதானே, இத்தனை மாதம் ஓடியதற்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் நல்லதுதானே என்று அவரும் நினைத்திருக்கிறார்.

“ஏசி மட்டும் நான் தொடவே இல்ல, கேட்டோ. டீச்சர் எழுதி ஒட்டியிருந்துதில்லே,” என்றார்.

லேத்துக்கு ஊற்றுகிற எண்ணெய் குளிரில் உறையாது, இது உறையும் என்று சொன்னேன். கிள்ளி எடுத்த வெள்ளைக் கட்டியைக் காட்டினேன். அது என் விரல் சூட்டில் உருகி வழிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கைத்துண்டால் இயந்திரத்தின் நெற்றியிலிருந்த சந்தனத்தைத் துடைக்க ஆரம்பித்தார். வேண்டாம், விடுங்கள் என்றேன்.

என் வழிகாட்டி ஆனந்தகிருஷ்ணன் சார் கோட்டை அக்ரஹாரத்தில் இருக்கிறார். உருளைகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஆய்வகத்திலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். நிறுத்தியதால் என்ன ஆனது என்பதையே ஒரு முடிவாக எழுத முடியாதா என்று நானே கேட்டேன். பஸ்ஸில் வரும்போது அப்படி ஒரு ஆசை கிளம்பியிருந்தது. அவர் உருளைகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு தடவை நடந்தது விபத்து, ஆராய்ச்சி இல்லைம்மா,” என்றார். “கோடு உச்சிக்குப் போய் நின்னுடுத்துன்னு காட்டத்தானே இத்தனை நாள் ஓட்டினோம். போகலையே.”

இன்னொரு ஓட்டத்துக்கு ஒரு வருஷம் வேண்டும். டிசம்பர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் நின்றது. மூன்றாவது காலநீட்டிப்புக்கு விதி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் வீட்டு மாமி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

சார் வீட்டிலிருந்து கரமனைக்கு எவ்வளவு தூரம். அந்தத் தூரம் முழுக்க நான் அம்மாவைத் திட்டினேன். மனதுக்குள் ஒவ்வொரு சொல்லாகத் தீட்டி வைத்தேன். என் படிப்பில் மண்ணைப் போட்டாயே. நீ கும்பிடுகிற சாமி உனக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்ததா. நான் உன்னிடம் கேட்டேனா. என் நாக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அன்று அதை அவிழ்த்துவிட்டிருந்தால் அம்மா அதிலிருந்து எழுந்திருக்க மாட்டாள்.

அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பட்டு உடுத்தி, நெற்றி நிறையக் குங்குமம் இட்டிருந்தாள். அப்பா போன பிறகு குங்குமம் வைப்பதை விட்டவள். அன்று பூஜைக் குங்குமம் என்று வைத்திருந்தாள்.

“வந்தியா மக்ளே,” என்றாள். “ஒனக்கிட்ட ஒரு காரியம் சொல்லணும், கோவப்படப்பிடாது. ஒனக்க மெஷினைப் பூஜைக்கு வைக்க நானாக்கும் சொன்னேன். ஒனக்க படிப்பு எனக்கு ஒரு எழுத்து புரியாது. ஒனக்கு ஒண்ணும் செய்து தர முடியல்லியேன்னு இருந்துது. இது ஒண்ணாவது செய்தேனில்லா.”

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் வாழ்க்கைக்குள் வர ஒரு கதவு கிடைத்து, அதில் அவள் நுழைந்து வந்துவிட்டாள். தீட்டி வைத்த சொல் ஒன்றையும் நான் எடுக்கவில்லை. பூஜைக்கு வைத்தது நன்றாக இருந்ததா, மெஷின் நன்றாக ஓடுகிறதா என்று கேட்டாள்.

“நல்லா ஓடுதும்மா,” என்றேன்.

உடனே கோட்டாற்று மாமாவுக்குப் போன் போட்டாள். திவ்யாவுக்கு இனிமேல் ஒரு தடையும் இல்லை, நான் எல்லாம் செய்துவிட்டேன் என்று அவள் சொல்வது எனக்கு அறைக்குள் கேட்டது. நான் கட்டிலில் உட்கார்ந்து உருளைகளைப் பையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அழுகை வரவில்லை. அழுதால் அவள் கேட்பாள்.

டிசம்பர் வந்தது, போனது. பதிவு ரத்தான செய்தி வந்த அன்று அம்மா உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தாள், ஆராய்ச்சி செய்கிற உடம்புக்குத் தெம்பு வேண்டும் என்று. நான் இன்றும் காலையில் ஆய்வகத்துக்குப் போகிற மாதிரி சோற்றுப் பாத்திரத்தோடு கிளம்புகிறேன். தம்பானூர் பஸ் நிலையத்தில் நெடுமங்காடு பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வேலை தேடாமல் இல்லை. வாய்ப்பு இருக்கிற இடங்களில் எல்லாம் முதல் கேள்வியே பட்டம் முடிந்ததா என்பதுதான். இதை எத்தனை காலம் அம்மாவிடம் மறைக்க முடியும் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் இழந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளக்கூட எனக்கு வீட்டில் உரிமை இல்லை.

போன சனிக்கிழமை அவள் புதிதாக ஒன்று கேட்டாள். எனக்கு ஒரு தடவை அந்த மெஷினைக் காட்டு மக்ளே, கும்பிட்டுட்டு வந்துருதேன் என்றாள். நான் எவ்வளவோ சாக்குச் சொன்னேன். ஆய்வகம் பூட்டியிருக்கும், வெளியாள் வரக்கூடாது, படி ஏற வேண்டும். ஹரிகுமாரிடம் நான் கேட்டுக்கொள்கிறேன் என்றாள். அவள் கேட்டால் அவர் மாட்டேன் என்று சொல்லமாட்டார் என்பது எனக்குத் தெரியாதா.

ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஹரிகுமார் வாசலில் காத்திருந்தார். அம்மாவின் கையைப் பிடித்துப் படியேற்றினார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அந்த இயந்திரத்தில் இப்போது லிபி என்கிற பெண் வேலை செய்கிறாள். முதல் வருஷ மாணவி. புது உருளைகள், பாமாயில். நான் கண்ணைக் காட்டியதும் எழுந்து ஓரமாக நின்றாள். ஹரிகுமார் முன்னாடியே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இதுதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உருளைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நடுவில் எண்ணெய் பளபளவென்று மெலிதாகத் தெரிந்தது. அவள் கைகூப்பிக் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. பிறகு இயந்திரத்தின் பக்கவாட்டில், கன்றுக்குட்டியைத் தடவுவது மாதிரி, தடவிக் கொடுத்தாள்.

“சூடா இருக்கே, பாவம்,” என்றாள். “ஹரிகுமாரே, அடுத்த பூஜைக்கும் இதை வைக்கணும், கேட்டியளா.”

லிபி திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். ஹரிகுமார் தலையைக் குனிந்துகொண்டு, பார்க்கலாம் அம்மை என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வராந்தாவில் அவர் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை இயந்திரத்தின் சூட்டை வாங்கி இளம்சூடாக இருந்தது.

“இனி நான் செத்தாலும் எனக்கு ஒரு வெசனமும் இல்ல மக்ளே,” என்றாள். “ஒனக்குன்னு ஒண்ணு ஓடிக்கிட்டுக் கெடக்கில்லா.”

நான் தலையாட்டினேன். ஓடிக்கொண்டிருந்தது லிபியுடையது. எனக்கென்று அங்கே ஒன்றும் ஓடவில்லை. அம்மா கையை விடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.